மூன்று பேருக்கான ஆறுதல் கூட்டம்

டார்லினின் நண்பர்கள் மூன்று பேரும் உயிரோடு, நல்ல சுகத்தோடு இருந்தார்கள். ஆனாலும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பாளையங்கோட்டையில் அவள் வீட்டு முன்னறையில், அவர்களுக்காக ஆறுதல் கூட்டம் நடக்கவிருந்தது.

எல்லாம் அப்பா வேதநாயகம் செய்த வேலை. எஸ்தோனியாவில் ஆறு வாரக் கோடைப் படிப்பு முடித்து வந்த மகள், ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சபைக் கோயிலில் ஜெப விண்ணப்பப் படிவம் வாங்கினார். அதில் நான்கு கட்டங்கள்: சுகவீனம், பரீட்சை, வேலை, துக்கம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான அவருக்கு, எந்தக் கட்டத்தையும் தொடாமல் படிவத்தைக் கொடுக்கக் கை வராது. மகளுக்குக் காய்ச்சல் இல்லை, பரீட்சை இல்லை, வேலை தேடவுமில்லை. மிச்சமிருந்ததில் டிக் அடித்து, கீழே, அங்கே அவளோடு படித்தவர்களின் பெயர்களை 'மிலேனா, யூகோ, ஆன்டன்' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் கிருபைராஜ் மூன்று பெயர்களையும் வாசித்தார். துக்கக் கட்டத்தில் பெயர் வந்தால் அந்த வாரமே வீட்டில் கூட்டம். அது சபையின் வழக்கம்.

டார்லின் அவரிடம் ஓடினாள்.

"ஐயா, அவங்க யாரும் சாகல."

"அப்படியா? ஸ்தோத்திரம்! ரொம்ப சந்தோஷம்மா."

"அப்ப கூட்டம் வேண்டாம்லா?"

"அது எப்படிம்மா? பாடகர் குழுவுக்குச் சொல்லியாச்சு. நாப்பது நாற்காலிக்கும் சொல்லியாச்சு. அவங்க உயிரோட இருக்கது அவங்க காரியம். துக்கம் உனக்குத்தான?"



சனிக்கிழமை ஐந்தரை மணி அவளுக்கு வேறு விதத்தில் முக்கியம். பெல்கிரேடில் மிலேனா, ஒசாகாவில் யூகோ, ரீகாவில் ஆன்டன்; நான்கு பேரும் விழித்திருந்து, ஓய்வாக வீடியோவில் பேசிக்கொள்ள முடிகிற நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். மூன்று வாரமாக ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வராமல் போனார். 'இந்தத் தடவையும் நாலு பேர் இல்லையென்றால் இதை நிறுத்திக்கொள்வோம், ஒருவரை ஒருவர் கெஞ்ச வேண்டாம்' என்று யூகோ எழுதியிருந்தாள். யூகோ சொன்னால் சொன்னதுதான்.

ஐந்து மணிக்கு வெள்ளைச் சேலைகள் வீட்டை நிறைத்தன. பெரியம்மா முறையான சாரம்மாள் பெரிய தூக்குவாளியில் சுக்குக்காப்பியோடு வந்து, டார்லினை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மூணு பேராமே, ஏட்டி! ஒரே விபத்தா?"

"இல்ல பெரியம்மை, நல்லாத்தான் இருக்காங்க."

"தெரியும், உபதேசியாரு சொன்னாவ. இருந்தாலும் கேக்கணும்லா?"

இரண்டு பாட்டு, ஒரு சங்கீதம், பிறகு நீண்ட ஜெபம். ஐந்து இருபத்தெட்டுக்கு உபதேசியார், "இப்ப நம்ம பிள்ளை அந்த மூணு பேரப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லும்" என்றார்.

அவள் எழுந்தாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவர்களைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சதுப்பு நிலத்தில் தான் முழங்கால்வரை புதைந்தபோது ஆன்டன் தன் பூட்ஸைக் கழற்றித் தந்ததையும், மிலேனா சமையலறையில் உப்புக்குப் பதில் ஆப்பசோடாவைக் கொட்டியதையும் சொன்னாள். நாற்பது பேரும் உச்சுக்கொட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

ஃபோன் அடித்தது. அவர்கள்தான்.

"எடும்மா, அவங்களுக்கும் ஆறுதல் வேணும்லா?" என்றார் உபதேசியார். வேதநாயகம் அதை வாங்கி, மேசையில் வேதப்புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்தார்.

திரையில் மிலேனா வந்தாள், யூகோ வந்தாள். இருவரும் வெள்ளைச் சேலைக் கூட்டத்தைப் பார்த்தார்கள்.

"யாருக்கு என்ன ஆயிற்று?" என்றாள் மிலேனா ஆங்கிலத்தில்.

"உங்களுக்குத்தான். எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள்" என்றாள் டார்லின்.

ஆன்டனுக்காகக் காத்திருந்தார்கள். பாடகர் குழு, சும்மா இருப்பானேன் என்று இன்னொரு பாட்டைப் பாடியது. ஐந்தே முக்காலுக்கு ஆன்டனிடமிருந்து ஒரு வரி: 'இனி சனிக்கிழமைகளில் முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.'

டார்லின் அதை வாசித்துவிட்டு உட்கார்ந்தாள். இனி சனிக்கிழமையும் மற்ற நாள்களைப் போல ஒரு நாள்தான்.

"என்னவாம்ட்டி?" என்றாள் சாரம்மாள்.

"அவன் இனி வரமாட்டானாம்."

"அப்ப அழு, மக்கா. அதுக்குத்தான நாங்க நாப்பது பேரு வந்திருக்கோம்."

அவள் அழுதாள். ஒரு மாதத்துக்கானதைச் சேர்த்து அழுதாள். மிலேனாவும் அங்கே அழுதாள். யூகோ அழவில்லை; விரலை நீட்டித் திரையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"நாலு பேருக்கு மேல் இருக்கிறார்கள்" என்றாள் கடைசியில், நிதானமாக. "விதியை மீறவில்லை. அடுத்த வாரம் தொடரலாம்."

டார்லின் மூக்கைச் சிந்தியபடி அதைத் தமிழில் சொன்னாள்.

உபதேசியார் டைரியைப் புரட்டினார். "அடுத்த சனி சாந்தி நகர்ல ஒரு புதுவீட்டு ஜெபம் இருக்கு. அத முடிச்சிட்டு, ஆறு மணின்னா எல்லாரும் இங்க வந்துருவோம். அந்த ஒசாகா பிள்ளைக்கு அங்க ராத்திரி ரொம்ப நேரமாயிருமோ? கேளு."