மஞ்சள் கேள்விக்குறி

நாற்பத்து மூன்று மணி நேரம்... ஆயுத பூஜையன்று சாயங்காலம் நாலு, இப்போது காலை பதினொன்று, கணக்குச் சரிதான், கணக்கு மட்டும் எப்போதும் சரியாக வந்துவிடும் இந்துப்ரியாவுக்கு, வாய்தான் வராது. திரையில் சவுண்ட் கார்டுக்கு நேரே அந்த மஞ்சள் கேள்விக்குறி. ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டாயிற்று, உடம்புக்குள் இருக்கும் கார்டு எதுவென்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் உள்ள டீச்சரின் சிடியைப் போட்டால் கரகரவென்று சுற்றிவிட்டு நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் விஜயம் டீச்சர், பார்வை போய் ஆறு வருஷம், எழுத்தை வாசித்துக் காட்டும் குரல்தான் அவருக்குக் கண், நாளைக்கு வகுப்பு. "பேசாம இருந்தா அது என் கம்ப்யூட்டரே இல்லப்பா" என்கிறார். "பேச வச்சிருவோம் டீச்சர், அப்புறம் நீங்களே வாயை மூடுடாம்பீங்க" என்கிறான் கூட வேலை பார்க்கும் சோலை. ரிப்பேர் கடைக்கு வெளியே கோரிப்பாளையம் சிக்னலில் ஒரு பஸ் ஹாரனை விடாமல் அடிக்கிறது.

வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற இந்தச் சோலைக்கு ஒரு பழக்கம், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே ஒரு சின்ன சாஃப்ட்வேரை ஓட்டிவிடுவான். அது உள்ளே போய் ஒவ்வொரு கார்டையும் பெயர் கேட்டு, அதனதன் டிரைவரை எடுத்து டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் அடுக்கிவைக்கும். ஃபார்மட்டில் சி டிரைவ் அழிந்தாலும் அது இருக்கும். என்ன அழகு, பி.எஸ்சி. மூன்று வருஷத்தில் இவ்வளவு பொறுமையான ஒன்றை அவள் பார்த்ததில்லை... இப்போது அதே ஃபோல்டரிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போகிறது, நாற்பது சதவீதம், ஐம்பது. காலையில் முதலாளி ஜனகராஜ் கத்தினார். "ஏன்டா, கஸ்டமர் சிடியக் காப்பாத்தத் துப்பில்ல, நீயெல்லாம் ஹார்டுவேரா?" சோலை சிரித்தான். "விடுங்கண்ணே, பேக்கப் இருக்குல்ல." 'நான் இல்லை' என்று அவன் ஏன் சொல்லவில்லை? பூஜையில் சிடிகளை அடுக்கியது அவன்தான், ஆனால்... சிடியில் காய்ந்திருந்த சந்தனத்தைச் சட்டை நுனியால் துடைத்தபோது கொஞ்சம் நின்று பார்த்தானே, எதைப் பார்த்தான்? எழுதிய பக்கத்தில் டீச்சர் பெயர் இருந்தது, பொட்டு வைத்துப் பெயரை மறைக்கலாமா என்று அவள் புரட்டி, பளபளக்கிற பக்கத்தில்... லேசர் எந்தப் பக்கத்தைப் படிக்கும் என்று பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கிய கைதான் இது. சந்தனத்தில் பதிந்திருந்த விரல் தடம் சின்னது. கடையில் சின்ன விரல் யாருக்கு?

நூறு சதவீதம். கேள்விக்குறி மறைந்தது. ஸ்பீக்கருக்குள்ளிருந்து அந்த மொட்டைக் குரல் முதல் வரியை வாசித்தது, டீச்சர் கையைத் தட்டினார். "வந்துட்டான் பாரு!" ஜனகராஜ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "பொழச்சடா மாப்ள. ஆனா சிடி போனது போனதுதான், அதுக்கு நீதான் பதில் சொல்லணும்." சோலை தலையைச் சொறிந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை... தெரிந்தேதான் திரும்பவில்லையோ?

இந்துப்ரியா எழுந்து நின்றாள்.

"அண்ணே, அந்த சிடில பொட்டு வச்சது நான்."