புள்ளிக்கோட்டில் ஒரு நாற்றங்கால்

இப்போது நினைத்தாலும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. என் தம்பி எல்வினைத் திட்டித் தீர்த்துவிட்டால் ஆறிப்போகும் என்றுதான் இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறவில்லை. வண்டியை ஓட்டியவன் அவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, “ரைட்ல திரும்பு, இன்னும் அம்பது மீட்டர்” என்று வழி சொன்னவள் நான்.

எல்வின் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். அங்கே சனி ஞாயிறு வந்தால் போதுமாம், ஆண்பிள்ளைகள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு மணல்மேட்டுக்கும் சேற்றுக்கும் போய், பூசிக்கொண்டு வந்து, போட்டோ பிடித்து அனுப்பிக்கொள்வார்களாம். சேற்றில் எங்கள் கால் படக்கூடாது என்பதற்காகவே அப்பா எங்கள் இரண்டு பேரையும் கான்வென்டில் போட்டார். இங்கே குத்தாலத்துப் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலத்தை விற்றுத்தான் இவனைப் படிக்க விமானம் ஏற்றினார். விமானம் ஏறிப் போனவன் அங்கே போய்ச் சேற்றைத் தேடி அலைகிறான். திமிரென்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்ல?

இந்த 2011 ஆகஸ்டில் லீவுக்கு வந்தவன், வந்த வாரமே பழைய ஜீப் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினான்.

“அக்கா, நீதானே ஜியாகரபி டீச்சர். ரோடு இல்லாத எடத்துல வழி காட்ற மாதிரி நல்ல ஜிபிஎஸ் ஒண்ணு பாத்துச் சொல்லேன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடமாக அட்சரேகை தீர்க்கரேகை என்று கத்துகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கூட இப்படி மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதில்லை. இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காரில் ஒட்டவைக்கிற ஜிபிஎஸ் வேண்டாம், தார்ச்சாலையை விட்டு இறங்கினால் அதற்கு ஒன்றும் தெரியாது. போனும் வேண்டாம், டவர் போனால் மேப்பும் போய்விடும். கையடக்கமானது வேண்டும், வெயிலில் திரை தெரிய வேண்டும், தண்ணீர் பட்டால் சாகக்கூடாது, கடையில் கிடைக்கிற பேட்டரி போட்டால் ஓட வேண்டும். எல்லாவற்றையும் விட, நம்முடைய வரைபடத்தை நாமே அதற்குள் ஏற்ற முடிய வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டுபிடித்துச் சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

வரவழைத்ததோடு விட்டேனா? அப்பாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்து, பழைய கிராம வரைபடத்தை எடுத்தேன். வயல், வாய்க்கால், வரப்பு எல்லாம் அளவு பிசகாமல் போட்ட காகிதம். அதில் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு இருந்தது. மாட்டுவண்டிப் பாதை. அதை ஸ்கேன் எடுத்து, மாதா கோயில் மூலையையும் மதகையும் அடையாளமாக வைத்து ஜிபிஎஸ்ஸுக்குள் பொருத்தினேன். எல்வின் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். வாய்க்கால் கரையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். திரையில் புள்ளிக்கோடு வலதுபக்கம் பிரிந்தது. “ரைட்ல எறங்கு” என்றேன். கரைச் சரிவில் வண்டி இறங்கியது. எதிரே பளபளவென்று சமமாகச் சேறு.

“சூப்பர் மட், அக்கா!” என்று எல்வின் கூவினான்.

தூரத்தில் ஒரு பெண் தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். எல்வின் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினான். ஊர்ச் சனம் தன்னை வரவேற்கிறதென்று நினைப்பு, துரைக்கு! நான் தலையை நிமிர்த்தவே இல்லை. வண்டியைக் காட்டும் அம்புக்குறி புள்ளிக்கோட்டின் மேல் அச்சாக நகர்ந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வயலின் நடுவில் வண்டி உட்கார்ந்துவிட்டது. எல்வின் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நாலு சக்கரமும் சுற்றிச் சேற்றை வாரி அடித்தது. என் கண்ணாடியில் ஒரு பொட்டுச் சேறு விழுந்தது. துடைத்தேன். விரலில் ஒரு நெல் ஒட்டியிருந்தது. முளை விட்ட நெல், வெள்ளையாக ஒரு வேரோடு.

சீ! நாற்றங்கால். தண்ணீரை வடித்துவிட்டு விதை தெளித்த சேற்றுக்கும் வெறும் சேற்றுக்கும் வித்தியாசம் குத்தாலத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிட்டத்தில் போய்க் குனிந்து பார்க்கக்கூட வேண்டாம்.

ஓடி வந்தவள் பொன்னுத்தாய். அப்பா விற்ற இந்த ஆறு மாவை வாங்கியது அவளும் அவள் புருஷன் ரெத்தினமும்தான். அதே வயலில் கூலிக்கு நட்டவள் அவள். ரெத்தினம் சிங்கப்பூரில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டி உழைத்தார், இன்னமும் அங்கேதான் இருக்கிறார். விவசாயம் முழுக்க இவள் கையில். வண்டிப்பாதையை ஊர் கூடிப் பேசி எப்போதோ வாய்க்கால் கரைக்கு மாற்றிவிட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

அவள் வரப்பில் நின்று மூச்சிரைத்தாள். எல்வின் ஜிபிஎஸ்ஸைத் தூக்கிக் காட்டினான்.

“இந்தா பொன்னுத்தாயி, இங்க பாரு, மேப்ல பாதைன்னு போட்டிருக்கு. பாதையில எதுக்கு நாத்து விடுற?”

தன்னைவிடப் பத்து வயது மூத்தவளை வா போ என்கிறான்! பெர்த்தில் பஸ் டிரைவருக்குக்கூடத் தேங்க்யூ சொல்கிற வாய் இது. என் தம்பிதானா என்று அருவருப்பாக இருந்தது.

பொன்னுத்தாய் அவனை விட்டுத் திரும்பினாள். வண்டியையும் வயலையும் பார்த்தாள். பின்பக்கப் பாதி நாசம். முன்பக்கப் பாதியில் சக்கரம் படவில்லை. “பாதி நாத்து இருந்தா மூணு மா நட்டுடலாம்” என்று தனக்குத்தானே சொன்னாள். “வெத நெல்லு வேற இல்ல. இனிமே வெதச்சாலும் மழையில மாட்டிக்கும்.”

எல்வின் அதற்குள் போனில் டிராக்டருக்குச் சொல்லிவிட்டான். பின்னால் வாய்க்கால் கரை. அதன் குறுகலில் டிராக்டர் திரும்பி நின்று இழுக்க இடமில்லை. முன்னால் இருபது மீட்டரில் தார்ரோடு. அங்கிருந்து கயிறு போட்டு இழுக்கலாம் என்றான். இழுத்தால் மிச்சப் பாதியும் போகும். அது அவன் மண்டையில் ஏறவே இல்லை.

“டிராக்டர வரவேணாம்னு சொல்லு” என்றேன்.

“ஏன்?”

“வண்டி இங்கயே நிக்கட்டும். நாத்துப் பறிக்கிற வரைக்கும்.”

“வெளையாடுறியா? அதுக்கு இருபத்தஞ்சு நாளாகும். எனக்குப் பத்து நாள்ல ஃப்ளைட்டு!”

“ஃப்ளைட்ல நீ போ. ஜீப்பையா ஏத்தப் போற?”

சாவியைப் பிடுங்கிக்கொண்டு சேற்றில் குதித்தேன். கால் முட்டி வரை இறங்கியது. எல்வின் என்னென்னவோ இங்கிலீஷில் கத்தினான். கத்தட்டும். சக்கரம் பதிந்த தடத்திலேயே கால் வைத்து, மிச்ச விதையை மிதிக்காமல் வரப்பேறினேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது என்பதை மறைக்கவில்லை. அநியாயம் செய்தவன் கூடப் பிறந்தவன் என்றாலும் விடாதவள் இந்த ஜாய்ஸ் டீச்சர் என்று மனசுக்குள் ஒரு எண்ணம். பொன்னுத்தாயிடம் சாவியை நீட்டினேன்.

“வச்சுக்கங்கக்கா. நீங்க சொல்றப்ப வந்து எடுத்துக்கறோம்.”

அவள் கையை நீட்டவில்லை.

“தம்பி வெளிநாட்டுல இருக்கறவரு, டீச்சர். அவரு வயலப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர விடுங்க” என்றாள். “நீங்க தெனமும் இந்த வழியாத்தான பஸ்ஸுல போறீங்க? வியாழக்கெழம ஸ்டாப்புல நின்னப்ப, நாளைக்கு வெத விடுறேன்னு ஒங்ககிட்ட சொன்னேன்ல. நல்லாப் பண்ணுங்கன்னு சொன்னீங்கள்ல. இப்ப பக்கத்துல ஒக்காந்துக்கிட்டு என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தீங்க?”

நீட்டிய சாவியைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். நான் பார்த்துக்கொண்டிருந்த அம்புக்குறி, எல்வின் கையிலிருந்த திரையில் இன்னமும் புள்ளிக்கோட்டின் மேல்தான் நின்றிருக்கும்.