சுவரடியில் ஒரு பள்ளம்

காலையிலிருந்தே மண் தோண்டும் இயந்திரம் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. தையல்காரி ஒரு காலரை அடித்து முடிப்பதற்குள் இரண்டு ஊசி ஒடிந்தது. மூன்றாவதை மாட்டும்போது சுவர்ப் பூச்சு பெயர்ந்து, அடுக்கி வைத்திருந்த வெள்ளைச் சீருடைகள் மேல் பொலபொலவென்று கொட்டியது. கத்தரிக்கோலை வீசிவிட்டு எழுந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் வீடு கட்டுவது வேறு யாருமல்ல, அவள் கொழுந்தன்தான். பாகம் பிரித்தபோது பழைய வீடு அண்ணனுக்கும், பக்கத்துக் காலி மனை தம்பிக்கும் போயிற்று. படுக்கையில் கிடந்த மாமனாரை மூன்று வருடம் பார்த்துக்கொண்ட சாக்கில், அண்ணி அவர் மனதைக் கலைத்து வீட்டைத் தட்டிக்கொண்டாள் என்று அவனுக்கு ஆத்திரம். அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவள் கணவனோ லாரி ஓட்டுபவன். மாதத்தில் இருபது நாள் வெளியூர். உள்ளூரில் இருந்தாலும் தம்பி முன்னால் வாய் திறக்க மாட்டான்.

வெளியே போய் எட்டிப் பார்த்தாள். பில்லருக்குத் தனித்தனியாகப் போட வேண்டிய மூன்று குழிகளையும் ஒன்றாக்கி, அவள் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு நீளமாக வெட்டியிருந்தார்கள். அவள் வீட்டு அஸ்திவாரம் வெளியே தெரிந்தது. மேலே இரண்டடிக்குக் கல். அதற்குக் கீழே எப்போதோ கொட்டி மேடாக்கிய மண், ஓட்டுத் துண்டும் சாம்பலுமாக உதிர்ந்துகொண்டிருந்தது.

“மேஸ்திரி, என்ன வேலை இது? என் செவுரு அந்தரத்துல நிக்குது, கண்ணு தெரியலையா?”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “நானும் சொல்லிட்டேம்மா. ஒரு குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, மூடிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகணும். பலகை வெச்சு முட்டுக் குடுக்கணும். அவரு கேட்டாத்தானே?”

கொழுந்தன் அவளைப் பார்க்காமல் மேஸ்திரியிடமே சொன்னான். “என் எடத்துல நான் தோண்டுறேன். பயமா இருந்தா வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகச் சொல்லு.”

“என் மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லுங்க.”

“மூஞ்சியா அது? சாகக் கெடந்த மனுஷனை ஏமாத்துன மூஞ்சி.”

“அந்த மனுஷனுக்கு நீ ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பியா?”

அவன் பல்லைக் கடித்தான். இயந்திரக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினான். “இன்னும் ஒரு அடி எடுப்பா.”

அவள் எதையும் யோசிக்கவில்லை. ஏணியைப் பிடித்து விறுவிறுவென்று இறங்கி, பள்ளத்தின் நடுவில் சப்பென்று உட்கார்ந்தாள்.

“எடு. என்னையும் சேத்து அள்ளு.”

“அள்ளுடா! இவ போடுற கூத்துக்கெல்லாம் பயப்பட முடியாது.”

இயந்திரத்தின் இரும்புக் கை கீழே இறங்கி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. எழுந்து ஓடிவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே சத்தம் அடங்கியது. இயந்திரக்காரன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினான்.

“அண்ணே, நான் மண்ணள்ள வந்தவன். ஆளைக் கொல்ல வரலை.”

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கொழுந்தனுக்கு அவமானம் தாங்கவில்லை. தானே பள்ளத்தில் குதித்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். “விடுடா!” என்று அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். வலியில் பின்வாங்கியவன் முதுகு, வெட்டிய மண்ணில் போய் மோதியது. அவ்வளவுதான். சுவரடி மண் மொத்தமாகச் சரிந்தது, கூடவே இரண்டு கல். மேலே அவள் அறையின் மூலை படீரென்று பிளந்தது. புழுதி அடங்கியபோது அவன் தொடை வரை புதைந்து அலறிக்கொண்டிருந்தான்.

அவள் ஏணியைப் பார்த்தாள். இவனை இப்படியே விட்டுவிட்டு ஏறிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவுமில்லை. பிறகு மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தாள்.

“மண்வெட்டி வேணாம், கால்ல பட்டுரும்! கையாலயே அள்ளுங்க!” என்று கத்திக்கொண்டே மேஸ்திரி ஆட்களோடு இறங்கினார். இரண்டு பேர் பலகையைச் சுவரடிக்கு முட்டுக் கொடுத்துத் தோளால் தாங்கினார்கள். அவனை வெளியே எடுத்தபோது வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது.

தூக்கிக்கொண்டு போகும்போது அவளைப் பார்த்தான். “இப்ப சந்தோஷமா?”

“இல்லை. ரெண்டு காலும் போயிருக்கணும்.”

அன்று சாயங்காலமே மேஸ்திரி யாரையும் கேட்காமல் பள்ளத்தை மூடித் திமிசுக் கட்டையால் மண்ணை இடித்து இறுக்கினார். ‘இனி முறையா செய்யிறதா இருந்தா வர்றேன், இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க’ என்று ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொல்லிவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து வேலை மறுபடி தொடங்கியது. அதுவரை அவள் சமையலறையில்தான் தைத்தாள். மாவுக்கட்டோடு கொழுந்தன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முதல் குழி முடிந்து மூடியாயிற்று. மேஸ்திரி அவள் வாசலுக்கு வந்தார்.

“அம்மா, அடுத்த குழி நாளைக்குத் தோண்டலாமான்னு கேக்கச் சொன்னாரு.”

“ஏன், அவனுக்கு வாயில்லையா?”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு காறித் துப்புவதுபோல் வந்தது குரல்.

“தோண்டலாமா, அண்ணி?”

அவள் நடந்து போய், குழிக்கென்று அடுக்கியிருந்த முட்டுப் பலகைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல ரெண்டு விரிசல் விட்டுருக்கு. வேற கொண்டு வரச் சொல்லுங்க மேஸ்திரி. அப்புறம் பாக்கலாம்.”