அம்பத்தூர் சங்கு

கிஷோர் அம்பத்தூருக்குக் குடிவந்து முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை. அதற்குள் போரையும் கூடவே கூட்டி வந்துவிட்டான். சண்டை என்னவோ கடல் தாண்டித்தான் நடந்தது. ஆனால் பாத்ரூம், பால்கனி, சாப்பாட்டுத் தட்டு என்று அவன் போகிற இடமெல்லாம் போனில் குண்டு விழுந்துகொண்டேயிருந்தது. பார்க்காமல் விட்டால் அங்கே அழுகிறவர்களுக்குத் துரோகம் என்று வேறு நினைத்துக்கொண்டான், பாவம். தூக்கம் போயிற்று. சாம்பாரில் உப்பில்லாததுகூடத் தெரியவில்லை. அவன் மனைவி லாவண்யாவுக்கு அதுதான் பெரிய கவலை.

சனிக்கிழமை சாயங்காலம், குடிவந்ததிலிருந்து முதல் தடவையாக அந்நேரம் ஆபீசில் இல்லாமல் வீட்டில் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஊரே அதிரச் சங்கு ஊதியது. கிஷோர் யோசிக்கவேயில்லை. நாலு வயது மகள் பவ்யாவை அள்ளிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் மூன்று மாடி இறங்கி, படிக்கட்டுக்கு அடியில் பைக்குகளுக்கு நடுவே போய்ப் பதுங்கிவிட்டான்.

கரண்டியும் கையுமாக லாவண்யா ஓடிவந்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே இங்கே கம்பெனிகள் நிறைந்த எஸ்டேட் பக்கம்.

"இன்னாங்க, இங்க வந்து குந்திகினு கீறீங்க?"

"சைரன்! கேக்கலையா ஒனக்கு?"

"அது கம்பெனி சங்குங்க. ஷிப்டு வுட்டாச்சு. எங்க நைனா இந்நேரம் ஊட்டுக்கு வந்து டீ கேப்பாரு."

வாசலில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கிஷோரும் அசடு வழிந்தான். பவ்யா மட்டும் காதைப் பொத்தியபடி, "அப்பா, குண்டு நம்ம வீட்டு மேலயும் விழுமா?" என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் மடியில் உட்கார்ந்து அவளும்தான் பார்த்திருக்கிறாள். விழாது என்று எத்தனை தடவை சொல்லியும் அவள் கையை எடுக்கவில்லை.

அன்றே லாவண்யா சட்டம் போட்டாள். "சங்கு ஊதனா, டீ கொதிக்கிற வரிக்கும் நியூஸ் படிங்க. வீடியோ வேணாம். மத்த நேரம் போன் அரிசி டிரம்முல."

"அங்க ஜனங்க சாகுதே, லாவண்யா."

"நீங்க முழிச்சிகினு கெடந்தா அவுங்க பொழச்சிடுவாங்களா? நம்ம புள்ள தூங்க வேணாமா?"

அவனே போனைக் கொண்டுபோய் அரிசி டிரம்மில் போட்டான். ஆனாலும் கால் சும்மா இருக்குமா? டிரம் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. லாவண்யா மூடி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரித்தாள். சங்கு ஊதும்போதெல்லாம் பவ்யா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே டீ போட்டான்.

ஒருநாள் சாம்பாரில் உப்பு கம்மி என்றான். லாவண்யா சந்தோஷமாகத் திட்டினாள்.

அன்று சாயங்காலம் சங்கு ஊதியது. கிஷோர் திக்கென்று மகளைப் பார்த்தான். பவ்யா பொம்மைக்குத் தலைசீவிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்பா, டீ!" என்றாள்.

அவன் ஓடிப்போய்ப் பால் வைத்தான். டீ கொதித்து, வடிகட்டி, குடித்தும் ஆயிற்று. போன் டிரம்மிலேயே கிடந்தது.