மூன்று சுற்றும் வடக்குப் பலகையும்

எங்கள் ஊரின் வரலாற்றைச் சுருக்கி எழுதி, வரைபடத்தோடு ஒரு பலகையில் வைக்க வேண்டும். உள்ளூர் வரலாறு கற்கப் போகும் மாலை வகுப்பில் எனக்குக் கொடுத்த பயிற்சி வேலை இது. அதற்காக ஊர்ச்சங்கம் நான்கு கூட்டம் போட்டது. கடலுக்கு அணை வருவதற்கு முன்பே, வெள்ளத்துக்குத் தப்ப மண் கொட்டி உயர்த்திய மேடுதான் எங்கள் ஊர் என்பதில் சண்டையில்லை. அந்த மேட்டில் பாதியை வெட்டி, உரமண்ணாகப் படகேற்றி விற்றது யாருடைய பாட்டன் என்பதில்தான் சண்டை. கடைசியில் “விற்கப்பட்டது” என்று மட்டும் எழுதினேன். இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டன. அது சரிதானா என்று எனக்கே இன்னும் சந்தேகம்.

பலகையை எங்கே நடுவது என்று மட்டும் யாரும் பேசவில்லை. நானே தேர்ந்தெடுத்தேன்: தேவாலயத்துக்கு வடக்கே, வெட்டிய சரிவின் விளிம்பில். மேடு அறுபட்டது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். வோப்கே கிழவர் மட்டும், “அங்க வச்சா இடிக்கும்” என்றார். அவர் எல்லாவற்றையும் இடிக்கும் என்பவர். யாரும் காதில் வாங்கவில்லை. நானும்தான்.

இந்த வாரம் வோப்கே இறந்துபோனார். இங்கே பெட்டியைத் தேவாலயத்தைச் சுற்றி மூன்று முறை சுமந்த பிறகுதான் குழியில் இறக்குவோம். சுமப்பது அக்கம்பக்கத்தார் வேலை. அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை, பெட்டிக்குப் பதில் ஓர் ஏணியைத் தூக்கி ஒத்திகை பார்த்தவர்கள், வடக்கே வந்ததும் நின்றுவிட்டார்கள். ஒருபுறம் சுவர், ஒருபுறம் சரிவு, நடுவே நெஞ்சுயரத்தில் என் பலகை. ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம்.

“எவன்யா இத இங்க நட்டது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“பிடுங்கிடலாம்” என்றேன்.

“பிடுங்குவியா? காத்துல ஆடவே கூடாதுன்னு நீதானம்மா சொன்ன. அடியில அவ்வளவும் கான்கிரீட்டு” என்றார் சங்கத் தலைவர் ஹெஸ்ஸல்.

“அப்ப அறுத்துடுங்க!”

“ஊர்ச் சொத்து. கூட்டம் போட்டுத்தான் அறுக்கணும்.”

“இன்னொரு கூட்டமா!” கத்தியே விட்டேன்.

“தெற்குப் பக்கமே போய்ப் போய் வந்தா என்ன?” என்றான் ஒருவன்.

“அது சுத்தா? நாயைக் கூட்டிட்டு நடக்கறது” என்றான் இன்னொருவன்.

வோப்கேயின் மனைவி பௌக்யே எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. “முழுசா மூணு சுத்து. குறைச்சா அந்த மனுஷன் என்னைச் சும்மா விடமாட்டாரு. பலகைக்கு மேல தூக்கிக் கைமாத்துங்க.”

மறுநாள் அப்படியே செய்தார்கள். பலகைக்கு இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் மூவர். காற்றில் கோட்டுகள் படபடக்க, பெட்டி கைமாறியது. இரண்டு சுற்று ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் பெட்டியின் மூலை பலகையில் டொக்கென்று மோதி, வரைபடத்தின் ஓரம் பெயர்ந்தது.

“சொன்னாருல்ல” என்று ஹெஸ்ஸல் முணுமுணுத்தார். முதலில் சிரித்தது பௌக்யேதான்.

அடக்கம் முடிந்து காபியும் சர்க்கரை ரொட்டியும் வந்தபோது, ஹெஸ்ஸலிடம் ரம்பம் கேட்டேன். கூட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இன்றே அறுத்துவிடுவது என்று முடிவு.

பௌக்யே கோப்பையைக் கீழே வைத்தாள். “தொடாத. நானும் போனப்புறம் அறுத்துக்கோ. அதுவரைக்கும் அவரு சொன்னது அங்கயே நிக்கட்டும்.”

அடுத்த வகுப்பில் இதை எப்படி விளக்கப்போகிறேன்?