பதினான்காம் எண்ணுக்கு நேரே

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில், படிக்கட்டின் நாலாவது படிக்கு மேல்தான் செல்போன் எடுக்கும். அதனால் அன்று பிற்பகல் மூன்று மணியிலிருந்து வாத்தியார் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்தார். பாடம் நடத்துகிற வாத்தியார் இல்லை, துணி பிழியும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் கால்மணி நேரம் விளக்கம் சொல்வார் என்பதால் அந்தப் பெயர். ஒன்பது மணி நேரப் பயணத்துக்கு அப்பால், தலைநகரத்தில், தேசிய இளையோர் கூடைப்பந்துப் போட்டியின் பெண்கள் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. திரையில் எண்கள் மாற மாற அவர் கீழே பார்த்துக் கூவினார்.

கீழே, சூடான இஸ்திரி உருளைக்குப் படுக்கை விரிப்புகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இயந்திர இரைச்சலில் அது பாதிதான் காதில் விழுந்தது. அவள் மகள் இறுதிக்கு வந்திருந்த இவர்கள் மாகாண அணியில் இருந்தாள். வயது பதினேழு, உயரம் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு, வீட்டில் பெயர் இன்னமும் பாப்பா. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்த பெண். பந்து கைக்கு வந்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது.

விரிப்பின் மறுமுனையைப் பெரியக்கா பிடித்திருந்தாள். அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் அவள்தான்.

“என்னடி, கண்ணு படிக்கட்டுலயே இருக்கு? உருளைக்குள்ள விரலைக் குடுத்துடாத.”

“அவர் என்ன கத்துறாருன்னே காதுல விழலக்கா.”

வேலை ஆறு மணிக்குத் தொடங்கும். பாப்பாவுக்குப் பயிற்சி ஐந்தரைக்கு. அவளை மைதானத்தில் விட்டு, முடியும்வரை காத்திருந்து, பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டு இவள் வந்து சேர ஏழரை ஆகிவிடும். மூன்று வருஷமாக அந்த ஒன்றரை மணி நேரமும் இந்த உருளை முன்னால் நின்றது பெரியக்காதான். மாலையில் இவள் தங்கி ஈடுகட்டுவாள். அதைப் பற்றிப் பெரியக்கா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இவளும் நன்றி சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

“அறுபத்தொண்ணு, அறுபது! முடிஞ்சுபோச்சு! நாமதான்!”

வாத்தியார் இரண்டிரண்டு படியாகக் குதித்து இறங்கி வந்தார். மடிப்பு மேசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ ஒரு தலையணை உறையை மேலே விட்டெறிந்தார்கள். ஆட்டக்காரர்கள் எடுத்த புள்ளிகளையும் திரையிலிருந்து படம்பிடித்து வந்திருந்தார் வாத்தியார். சத்தமாகப் படித்தார். நாலாம் எண் பத்தொன்பது, ஏழாம் எண் பதினாறு. கீழே போகப் போக அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. பாப்பாவின் பதினான்காம் எண்ணுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“பூஜ்யம்” என்றார்.

“அப்போ எறக்கவே இல்லையா?” என்று கேட்டுவிட்டாள் மடிப்பு மேசைக்காரி. பெரியக்கா முறைத்த முறைப்பில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மாவுக்கு வெட்கமாக இல்லை. பிள்ளை எங்கே எந்த மூலையில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ என்றுதான் இருந்தது. மற்றவர்கள் தூக்கிக் கொண்டாடும்போது ஓரமாய் நின்று சிரிப்பது லேசுப்பட்ட காரியமா? போன் வந்தால் என்ன சொல்வது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்பதா? ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

பத்து நிமிஷத்தில், மறுபடி படியேறிப் போயிருந்த வாத்தியார், பாப்பா போனில் என்று மேலேயிருந்து கத்தினார். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே படியேறிப் போய் போனை வாங்கினாள்.

“அம்மா! கேட்டியா?”

“கேட்டேன் பாப்பா. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத. அந்தக் கூட்டத்துல நீயும் ஒருத்தியா போயிருக்கியே, அதுவே போதும்.”

“என்னத்த வச்சுக்கக் கூடாது?”

“இல்ல... உன் நம்பருக்கு நேரா பூஜ்யம்னு போட்டிருக்கு.”

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. “ஐயோ அம்மா! நான் விழுந்தேன்மா!”

மூச்சுவிடாமல் சொன்னாள். ஏழு விநாடி பாக்கி. இவர்கள் அணி ஒரே ஒரு புள்ளிதான் முன்னால். எதிரணியில் ஒரு பெண், மலை மாதிரி, அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. கோச் பாப்பாவை இறக்கினார். பந்தைத் தொட வேண்டாம், குதிக்க வேண்டாம், அவள் வரும் வழியில் போய் அசையாமல் நில், அது போதும் என்றார். நின்றாள். அந்தப் பெண் நேரே வந்து மோதினாள். பாப்பா மல்லாந்து விழுந்தாள். பந்து வளையத்துக்குள் போய்விட்டது. அரங்கமே எழுந்து கத்தியது. ஆனால் பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே விசில் அடித்தாகிவிட்டது. நின்றவளை இடித்தது தப்பு, புள்ளி செல்லாது.

“அவளேதான்மா கை குடுத்து என்னைத் தூக்கிவிட்டா. அழுதுகிட்டே தூக்கிவிட்டா.”

“அடி பட்டுச்சாடி?”

“முழங்கை வீங்கியிருக்கு. ஐஸ் வச்சிருக்காங்க. அம்மா, எனக்கு நகரவே தோணலம்மா.”

போனை வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு இறங்கி வந்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். நேராகப் பெரியக்காவிடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஆவியில் வெந்து வெந்து தோல் தடித்துப்போன கைகள்.

“அக்கா, இந்த மூணு வருஷமா நீங்க...”

“வாய மூடுடி. விரிப்பு கருகுது.” பெரியக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையை மட்டும் உருவிக்கொள்ளவில்லை. வாத்தியார்தான் ஓடிப்போய் உருளையை நிறுத்தினார்.

இரைச்சல் அடங்கிய அந்த அறையில் அவள் நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும், எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கும் வாத்தியாரே, “எப்படி நின்னாளாம்?” என்று கேட்டார்.

அவள் தரையில் காலை அகட்டி ஊன்றினாள். இரண்டு கையையும் குறுக்காக மார்பில் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்தது. மூன்றாம் மாடி வார்டிலிருந்து அழுக்கு விரிப்புகள் மலையாகக் குவிந்த தள்ளுவண்டி, தள்ளுகிறவரின் தலை தெரியாமல், அவளை நோக்கி உருண்டு வந்தது.

“வழி, வழி!” என்றது வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் கன்னத்தில் கண்ணீர் ஓட, சிரித்துக்கொண்டே, அசையாமல் நின்றாள்.