பகா எண்ணும் பகை எண்ணும்

அச்சகத்தில் தாள் மடிக்கிறவள் என்பதால் அவளுக்கு மடிப்பக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. அன்றைக்கு முதலாளி நடத்தும் மாதப் பத்திரிகையின் தாள்கள் ஈர மையோடு அவள் மேசைக்கு வந்தன. ஐந்தாம் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அவளே எழுதிய கட்டுரை அது. தலைப்பு இப்படி அச்சாகியிருந்தது: 'வால் வெட்டினாலும் பகை எண்.'

அவள் எழுதியது பகா எண். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண். 73939133 அப்படிப்பட்டது. அதன் வாலை ஒவ்வொரு இலக்கமாக நறுக்கிக்கொண்டே போனாலும், 7393913, 739391 என்று கடைசியில் ஒற்றை 7 மிஞ்சும்வரை அத்தனையும் பகா எண்கள். இந்தக் குணம் உள்ளவற்றில் இதுதான் ஆகப் பெரியது. அது பகா எண்தான் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை அவள் சும்மா நம்பிவிடவில்லை. எட்டாயிரத்து அறுநூறுக்குள் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் பகா எண்களால், வெட்டி விழுந்த தாள் கீற்றுகளில், அதை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தாள். ஏழு மாதம் ஆயிற்று.

விடுவிடுவென்று முதலாளி அறைக்குப் போனாள். திருத்தியவர் அவரேதான். பதினோரு இடத்தில் பகை என்பதைப் பகா என்று தப்பாக எழுதியிருந்தாளாம், அவர் பொறுமையாகச் சரிசெய்தாராம். வண்டி நம்பரைக்கூட ராசியா பகையா என்று கூட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர். தன் பங்குக்குக் கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருந்தார்: 'இந்த எண் உடையவர்கள் புது முயற்சிகளைத் தள்ளிப்போடவும்.'

"பகைன்னா தெரியும். பகான்னா என்னம்மா? பகாசுரனுக்குத் தம்பியா?"

"பகுக்க முடியாதது பகா, சார். அந்த நம்பருக்கும் எனக்கும் ஒரு பகையும் இல்ல. ஆனா கீழ என் பேரு போட்டிருக்கு."

இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்றார் அவர். நாலு மணிக்குப் பத்திரிகையை எடுத்துப்போக வேன் வந்துவிடும், போய் மடி என்றார். அடுத்த இதழில் மூலையில் ஒரு 'வருந்துகிறோம்' போட்டால் தீர்ந்தது என்றார். ஆயிரம் வகுத்தலுக்கு ஒரு மூலை.

மடிப்பக்கா மடிக்கவில்லை. தாள் கட்டை அப்படியே தூக்கி வெட்டு மெஷினில் வைத்தாள். ஐந்தாம் பக்கம் மட்டும் நறுக்கி விழும்படி அளவு பார்த்துக் கைப்பிடியைப் பிடித்தாள். மெஷின்காரர் ஓடிப்போய்ச் சொல்ல, முதலாளி செருப்பு மாட்டாமலே வந்து நின்றார். ஐந்தாம் பக்கத்தின் பின்பக்கம் ஆறாம் பக்கம். அவர் சங்கத் தலைவரானதற்கு வாழ்த்து, முழுப் பக்கப் படத்தோடு.

"ஏம்மா, பின்னாடி நான் இருக்கேனே."

"ஆமா சார். ரெண்டும் ஒரே தாளு. பகுக்க முடியல."

முதலாளி படத்தையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெஷின்காரரிடம், பகை வந்த இடமெல்லாம் பகா என்று மாற்றி அந்தத் தாளை மறுபடி ஓட்டச் சொன்னார். வேன் நாளைக்கு வரட்டும் என்றார். திரும்பிப் போகிற போக்கில், தான் சேர்த்த கடைசி வரி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டுமே, நாலு பேருக்கு உதவும் என்றார்.

மடிப்பக்கா கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.